கொட்டிய இடத்தை விட்டுக் குழந்தையைப் பாருங்கள்

நெய்வேலி நகரியப் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு,

இந்த மடலைத் தலைமையாசிரியர்களுக்கு எழுதியிருக்கலாம், பெற்றோருக்கும் எழுதியிருக்கலாம். உங்களுக்கு எழுதக் காரணம் உண்டு. பள்ளி நேரத்தில் ஒரு குழந்தையைக் குளவியோ தேனீயோ கொட்டுகிறதென்றால் அது வகுப்பறைக்குள் நடப்பது குறைவு. கோ-கோ ஆடும் திடலில், பந்து போய் விழுந்த புதரோரத்தில், தண்ணீர்க் குழாயடியில், காலைப் பிரார்த்தனைக்கு வரிசையாக நிற்கிற மரத்தடியில்தான் நடக்கிறது. அங்கே நிற்கிற பெரியவர் நீங்கள். அம்மாவுக்குத் தகவல் போய்ச் சேருமுன், மருத்துவர் கைவைக்குமுன், குழந்தை உங்கள் பொறுப்பில் இருக்கும் ஒரு கால் மணி நேரம் இருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

குழந்தைகள் வார்டில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இப்போது இந்திரா நகரில் இருக்கிறோம். பேத்தி நகரியத்துப் பள்ளியில் படிக்கிறாள். கணக்கு டீச்சரைப் பற்றி அவள் வீட்டில் பேசி நான் கேட்டதில்லை. பி.டி. மிஸ் சொன்னார், பி.டி. சார் சொன்னார் என்று ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். மைதானத்தில் உங்கள் சொல்லுக்கு இருக்கிற அந்த மதிப்பை நம்பித்தான் இவ்வளவு நீளமாக எழுதத் துணிந்தேன்.

நம் ஊரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கியதிலிருந்து சுரங்கத்தோடு சேர்ந்து வளர்ந்த ஊர். கரிப்புழுதியை எதிர்பார்த்து வருகிற வெளியூர்க்காரர்கள், ஒவ்வொரு வட்டத்திலும் சாலைக்கு இருபுறமும் நிற்கிற மரங்களைப் பார்த்துத் திகைத்துப் போவார்கள். குவார்ட்டர்ஸ் தோட்டங்களில் மா, பலா, முருங்கை, கொய்யா; வெளியே போனால் பண்ருட்டி வரைக்கும் முந்திரித் தோப்பு. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் அடித்துச் சாய்த்த பிறகும் இந்தப் பசுமை மறுபடி எழுந்து வந்தது. இத்தனை மரமும் பூவும் உள்ள இடத்தில் பூச்சி இருக்கத்தான் செய்யும். அதை ஒழிக்கச் சொல்லி நான் எழுதவில்லை. முந்திரியில் காய் பிடிப்பதற்குக்கூட அந்தத் தேனீக்கள் வேண்டும்.

ஆனால் எது எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். கறுத்த உடம்பில், வயிற்றைச் சுற்றி ஆரஞ்சு கலந்த மஞ்சள் பட்டை போட்டது கதண்டு. பனைமரத்திலும் மரப்பொந்திலும் கூடு வைக்கும். நம் மாவட்டத்திலும் டெல்டா பக்கத்திலும் நூறு நாள் வேலைக்குப் போனவர்களைக் கதண்டு கடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்த செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். இலங்கை மலையகத்தில் கொழுந்து பறிக்கிற நம் தமிழ்ப் பெண்களுக்கு இது தீராத துன்பம். குளவிக் கொட்டுக்கு இலக்கான தோட்டத் தொழிலாளர்களைப் பற்றி அங்குள்ள பத்திரிகைகள் எழுதி ஓய்ந்ததில்லை. உயர்ந்த கிளையிலும் தண்ணீர்த் தொட்டியின் அடியிலும் ஒற்றை அடையாகப் பெரிதாகத் தொங்குவது மலைத்தேனீ. புதரில் சின்னதாகக் கட்டுவது கொம்புத்தேனீ. சைக்கிள் ஸ்டாண்டின் தகரக் கூரையிலும் சன்னல் கம்பியிலும் தாள் போன்ற சிறு கூடு வைக்கும் குளவி உண்டு. குழந்தைகள் கை படுகிற உயரத்திலேயே கட்டிவிடும். சுவரில் மண்ணால் கூடு கட்டும் குளவிக்கு அஞ்ச வேண்டாம், அது வம்புக்கு வருவது அபூர்வம். கட்டெறும்பும் செவ்வெறும்பும் கொட்டும் இனம்தான் என்பதையும் மறக்க வேண்டாம். எறும்பு கடித்ததற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று தோன்றும் நாளில் இந்த வரி உங்களுக்கு நினைவுக்கு வரட்டும்.

கொட்டு இரண்டு விதமாக ஆபத்தாகும். இந்த இரண்டையும் நாம் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். முதலாவது விஷத்தின் அளவு. கூடு கலைந்து ஒரே நேரத்தில் பத்து, ஐம்பது என்று கொட்டினால் எந்தக் குழந்தைக்கும் அது விஷம்தான். உடம்பு சின்னதாக இருப்பதால் பெரியவர்களைவிட சீக்கிரம் தாக்கும். தசைகள் சிதைந்து, சிறுநீரகம் வரைக்கும் பாதிப்பு போகலாம். அப்படிக் கொட்டு வாங்கிய பிள்ளை அன்று தெளிவாக இருந்தாலும் மருத்துவமனையில் காட்டத்தான் வேண்டும். அடுத்த ஒன்றிரண்டு நாளில் சிறுநீர் குறைகிறதா, நிறம் கறுத்துப் போகிறதா என்று வீட்டில் பார்க்கச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது ஒவ்வாமை. இதற்கு ஒரே ஒரு கொட்டு போதும். கொட்டியது பெரிய கதண்டா சின்னத் தேனீயா என்ற கணக்கெல்லாம் இதில் செல்லாது. ஏற்கெனவே எப்போதோ வாங்கிய கொட்டில் உடம்பு அந்த விஷத்துக்கு எதிராகத் தயாராகி நிற்கும். அடுத்த கொட்டில் அந்தத் தயார்நிலையே குழந்தையின் மேல் திரும்பிவிடும். 1901இல் மொனாக்கோ இளவரசரின் கப்பலில் சென்ற ஷார்ல் ரிஷே, போல் போர்ட்டியே என்ற இரண்டு பிரெஞ்சு விஞ்ஞானிகள் கடல் உயிரிகளின் விஷத்தை ஆராயத் தொடங்கினார்கள். ஊர் திரும்பிய பின் நாய்களுக்குச் சிறிது சிறிதாக விஷத்தைக் கொடுத்தால் பழகிவிடும் என்று எதிர்பார்த்தார்கள். முதல் ஊசியைத் தாங்கிய நாய், சில வாரம் கழித்துக் கொடுத்த ஊசியில் நிமிடங்களில் விழுந்து செத்தது. 1902இல் அவர்கள் இதை அனபிலாக்சிஸ் என்று எழுதினார்கள். 1913இல் ரிஷேவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இதை எதற்காகச் சொல்கிறேன் என்றால், “போன வருஷமும் இவனைக் கொட்டிச்சு சார், ஒண்ணும் ஆகலை” என்று பிள்ளைகள் சொல்வார்கள். போன வருஷம் ஒன்றும் ஆகாதது இந்த வருஷத்துக்கு உத்தரவாதமில்லை.

இனி, கொட்டிய பிறகு உங்கள் கண் எங்கே போக வேண்டும் என்பது.

எல்லோரும் கொட்டிய இடத்தையே பார்க்கிறோம். கையைப் பிடித்துத் திருப்பி, எவ்வளவு வீங்கியிருக்கிறது, சிவந்திருக்கிறதா என்று பார்க்கிறோம். சுண்ணாம்பு யாரிடம் இருக்கிறது என்று கேட்கிறோம். அந்த இடம் உங்களுக்குச் சொல்லக்கூடியது மிகக் குறைவு. கொட்டிய இடத்தில் வலி, சிவப்பு, சிறு வீக்கம் வருவது எல்லோருக்கும் வருவது. சில குழந்தைகளுக்கு வீக்கம் பத்து சென்டிமீட்டருக்கு மேல் படர்ந்து, விரலில் கொட்டியது முழங்கை வரைக்கும் ஏறி, ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரம் வரைக்கும்கூட நிற்கும். பார்க்கப் பயமாக இருக்கும். சீழ் பிடித்துவிட்டது என்று நினைத்துப் பலர் ஆன்டிபயாடிக் கேட்பார்கள், பெரும்பாலும் தேவைப்படாது. வாய்க்குள்ளோ தொண்டையிலோ கொட்டாதவரைக்கும், அந்த வீக்கம் எவ்வளவு பெரிதானாலும் உயிரை எடுப்பதில்லை.

உயிரை எடுப்பது கொட்டிய இடத்துக்கு வெளியே நடக்கிறது. காலில் கொட்டியிருக்கும், வயிற்றிலும் முதுகிலும் தடிப்புத் தடிப்பாக எழும்பும். உதடு, கண் இமை, நாக்கு வீங்கும். குரல் கட்டிப்போகும். திடீரென்று இருமல் வரும், நெஞ்சில் விசில் கேட்கும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுக்கும். கண்ணைக் கட்டுகிறது என்று சொல்லும். சின்னக் குழந்தைகளுக்கு இதையெல்லாம் சொல்லத் தெரியாது. துள்ளிக்கொண்டிருந்தது சட்டென்று அடங்கிப்போய் உங்கள் மேல் சாய்ந்துகொள்ளும், “ஒரு மாதிரி இருக்கு மிஸ்” என்று மட்டும் சொல்லும். இந்த ஒரு வாக்கியத்தைத் தயவுசெய்து அலட்சியப்படுத்தாதீர்கள். வார்டில் நான் பார்த்த குழந்தைகளில் பலரின் கதை இந்த வாக்கியத்தில்தான் தொடங்கியது.

தோலில் தடிப்பே வராமலும் அனபிலாக்சிஸ் வரும். அப்போது அது மைதானத்தில் நாம் தினமும் பார்க்கிற வேறொன்றைப் போலத் தோன்றும். சித்திரை வெயிலில் ஒரு பிள்ளை மயங்கினால் காலையில் சாப்பிடாமல் வந்திருப்பான் என்று நினைப்போம். வாந்தி எடுத்தால் பித்தம் என்போம். மூச்சு வாங்கினால் ஓடி வந்த களைப்பு, ஏற்கெனவே வீசிங் உள்ள பிள்ளை, பஃப் எடுத்தால் சரியாகிவிடும் என்போம். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு ஒவ்வாமை கடுமையாக வருகிற வாய்ப்பு அதிகம் என்பதால் இந்த இடத்தில் இன்னும் கவனம் தேவை. பஃப் மூச்சுக்குழாயைச் சற்றுத் தளர்த்தும், விழுகிற ரத்த அழுத்தத்தைத் தூக்காது. ஆகவே மயங்குகிற, மூச்சுத் திணறுகிற, வாந்தி எடுக்கிற எந்தப் பிள்ளையிடமும் அதன் நண்பர்களிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: கொஞ்ச நேரத்துக்கு முன்னால் ஏதாவது கடித்ததா, கொட்டியதா? பூச்சி கண்ணில் பட்டிருக்க வேண்டும் என்றில்லை.

இதில் நேரம் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தால் நான் ஏன் இவ்வளவு படபடப்பாக எழுதுகிறேன் என்பது புரியும். பிரிட்டனில் ரிச்சர்ட் பம்ஃப்ரி என்ற மருத்துவர், அனபிலாக்சிஸால் இறந்தவர்களின் விவரங்களை ஒவ்வொன்றாகச் சேகரித்து 2000இல் வெளியிட்டார். உணவு ஒவ்வாமையில் இதயமோ மூச்சோ நிற்பதற்கு நடுத்தரமாக 30 நிமிடம் ஆகியிருந்தது. பூச்சிக் கொட்டில் 15 நிமிடம்தான். இறப்பு மிக அரிது, குழந்தைகளில் இன்னும் அரிது. அதனால் யாரும் பயந்து பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பாமல் இருக்க வேண்டாம். ஆனால் வருகிற அன்றைக்கு, பெற்றோருக்குப் போன் போட்டு அவர்கள் வரும்வரை காத்திருக்க அந்தப் பதினைந்து நிமிடம் இடம் கொடுக்காது.

அதே பம்ஃப்ரி 2003இல் எழுதிய இன்னொரு செய்தி உங்களுக்கென்றே எழுதியது போல் இருக்கும். ரத்த அழுத்தம் விழுந்து கிடந்தவர்களை உட்காரவோ நிற்கவோ வைத்த அந்தக் கணத்திலேயே சிலர் இறந்திருந்தார்கள். படுத்திருக்கும்போது இதயத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த கொஞ்சநஞ்ச ரத்தமும், நிமிர்த்தியவுடன் கால்களில் தங்கிவிடுகிறது. இதயம் வெறுமனே துடிக்கிறது. இப்போது நம் ஊர்ப் பழக்கத்தை நினைத்துப் பாருங்கள். மயங்கிய பிள்ளையைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைப்போம். முகத்தில் தண்ணீர் தெளிப்போம், சோடா வாங்கி வாயில் ஊற்றுவோம். “நட, நட, ஆபீஸ் ரூமுக்குப் போகலாம்” என்று இருவர் தோளில் கைபோட்டு நடத்துவோம். பிறகு டூவீலரில் ஒருவர் ஓட்ட, ஒருவர் பின்னால் பிடிக்க, நடுவில் பிள்ளையை நிமிர்த்தி உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குப் பறப்போம். எல்லாமே அக்கறையில் செய்வதுதான். நல்ல மனசோடு ஓடி வந்தவர்களை நான் வார்டு வாசலில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த நடுச் சீட்டுதான் அந்தக் குழந்தைக்கு ஆகாத இடம்.

படுக்க வையுங்கள். விழுந்த இடத்திலேயே, பக்கத்தில் நிழல் இருந்தால் தூக்கிக்கொண்டு போய் நிழலில், மல்லாக்கப் படுக்க வைத்து, காலுக்கடியில் புத்தகப் பையை வைத்து உயர்த்துங்கள். மூச்சு வாங்கிப் படுக்க முடியாத பிள்ளையைக் காலை நீட்டிச் சாய்த்து உட்கார விடுங்கள், ஆனால் எழுப்பி நிறுத்தவோ நடத்தவோ வேண்டாம். வாந்தி எடுத்தால் ஒருக்களித்துப் படுக்கட்டும். வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். ஒருவர் 108க்கு அழைக்கட்டும். பள்ளியிலோ பக்கத்திலோ கார் தயாராக இருந்தால் பின்சீட்டில் படுத்த வாக்கிலேயே கொண்டு போகலாம். நகரியத்துக்குள்ளேயே பெரிய மருத்துவமனை இருக்கிறது, சாலைகள் அகலமாக இருக்கின்றன. தமிழ்நாட்டில் எத்தனையோ கிராமத்துப் பள்ளிகளுக்கு இல்லாத வசதி இது.

அங்கே போய்ச் சேர்ந்ததும் குழந்தைக்குத் தேவைப்படும் மருந்து அட்ரினலின். தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடுகிற ஊசி. 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 0.2 மில்லிதான் அளவு. ஆம்பூலின் விலை மிகக் குறைவு. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்கிற மருந்து. மூச்சுக்குழாயைத் திறந்து, வீக்கத்தை வடித்து, ரத்தக்குழாய்களை இறுக்கி அழுத்தத்தைத் தூக்குவதை எல்லாம் இது ஒன்றே செய்கிறது. கனடாவின் வின்னிபெக்கில் குழந்தைகளின் ஒவ்வாமை மருத்துவராக இருந்த எஸ்டெல் சைமன்ஸும் அவர் குழுவினரும் 1998இல் குழந்தைகளிடமே அளந்து பார்த்தார்கள். தொடைத் தசையில் போட்டால் சராசரியாக 8 நிமிடத்தில் மருந்து ரத்தத்தில் உச்சத்தைத் தொட்டது. தோலுக்கடியில் போட்டால் 34 நிமிடம். பதினைந்து நிமிடக் கணக்கோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். தேவைப்பட்டால் ஐந்து முதல் பதினைந்து நிமிட இடைவெளியில் மறுபடியும் போடுவார்கள்.

நம் பக்கத்தில் பூச்சி கடி என்றதும் சின்னக் கிளினிக்குகளில் கைக்கு வருவது அவில், டெக்ஸா என்ற ஊசிகள். தடிப்புக்கும் அரிப்புக்கும் அவில் நல்ல மருந்துதான். ஆனால் மூச்சு அடைக்கிற, அழுத்தம் விழுகிற குழந்தைக்கு அவிலால் உயிர் காக்க முடியாது. டெக்ஸா வேலை செய்யத் தொடங்கவே மணிக்கணக்கில் ஆகும். இந்த இரண்டு ஊசியையும் போட்டுக்கொண்டு, தடிப்பு அமுங்கியதைப் பார்த்து நிம்மதியாகி வீட்டுக்குப் போய், இரண்டு மணி நேரம் கழித்து மூச்சுத் திணறலோடு எங்களிடம் வந்த குழந்தைகள் உண்டு. இந்த மருந்துகளை நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று நமக்குப் பக்கத்தில் இலங்கையிலேயே நடந்தது. பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து கொடுக்கும்போது அந்த மருந்துக்கே கடும் ஒவ்வாமை வருவதுண்டு. அதைத் தடுக்க எது உதவும் என்று அசித டி சில்வா தலைமையிலான மருத்துவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்து 2011இல் வெளியிட்டார்கள். அட்ரினலின் கொடுத்தவர்களிடம் முதல் ஒரு மணி நேரத்தில் கடும் ஒவ்வாமை 43 சதவீதம் குறைந்தது. அவில் வகையைச் சேர்ந்த புரோமெத்தசினும், டெக்ஸா வகையைச் சேர்ந்த ஹைட்ரோகார்டிசோனும் அப்படிக் குறைக்கவில்லை. பாம்புக்கடி வேறு, குளவிக்கொட்டு வேறு. ஆனால் ஒவ்வாமையின் முன் இந்த மூன்று மருந்தும் எப்படி நடந்துகொள்கின்றன என்பதற்கு நம் மண்ணுக்குப் பக்கத்தில் இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

அட்ரினலின் என்றால் ஏதோ பெரிய ஆஸ்பத்திரி ஐ.சி.யூ. சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். 2021இல் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்ட பிறகு நம்மை அரை மணி நேரம் உட்கார வைத்தார்களே, அது இந்த அனபிலாக்சிஸுக்காகத்தான். குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட வருகிற கிராம சுகாதாரச் செவிலியரின் பெட்டியிலும் இதே ஊசி இருக்கிறது; தேவையானால் முதல் ஊசியைப் போட்டுவிட்டு மருத்துவமனைக்கு அனுப்ப அவருக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். வெளிநாட்டுப் பள்ளிகளில் பேனா வடிவில், தொடையில் அழுத்தினால் போதும் என்கிற அட்ரினலின் ஊசியை ஆசிரியர்களே போடுகிறார்கள். நம் மருந்துக்கடைகளில் அது எளிதில் கிடைப்பதில்லை. அது வரும்வரை, குழந்தையை அட்ரினலினிடம் கொண்டு சேர்ப்பதுதான் உங்கள் வேலை.

கேஷுவாலிட்டி வாசலில் என்ன சொல்வது என்பதும் முக்கியம். “பூச்சி கடிச்சிடுச்சு” என்று மட்டும் சொன்னால் கூட்டத்தில் குழந்தை வரிசையில் நிற்கும். “குளவி கொட்டிப் பத்து நிமிஷம் ஆச்சு, உடம்பெல்லாம் தடிப்பு, ரெண்டு தடவை வாந்தி, மயக்கமா இருக்கான், அனபிலாக்சிஸா இருக்குமோன்னு பயமா இருக்கு” என்று சொல்லுங்கள். மருத்துவருக்கு நாம் பாடம் எடுப்பதாக யாரும் நினைக்க மாட்டார்கள். நேரமும் அடையாளங்களும் கண்ணால் பார்த்த உங்களுக்கு மட்டும்தான் தெரியும். வாசலில் அதைத் தெளிவாகச் சொல்கிறவரைக் கண்டால் பணியில் இருக்கிற செவிலியருக்கு எவ்வளவு நிம்மதி என்று நான் சொல்கிறேன். குழந்தை தேறிய பிறகும் சில மணி நேரம் அங்கேயே வைத்திருக்கச் சொல்வார்கள். அடங்கிய ஒவ்வாமை மறுபடி கிளம்புவது உண்டு என்பதால்தான். “நல்லாத்தான் இருக்கான், கூட்டிட்டுப் போறோம்” என்று பெற்றோர் அவசரப்பட்டால் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லித் தடுங்கள்.

சுண்ணாம்பு, வெங்காயம், மண்ணெண்ணெய் எல்லாம் பற்றி ஒரு வார்த்தை. வெங்காயம் தேய்ப்பதால் கெடுதி ஒன்றும் இல்லை. சுண்ணாம்பு சின்னக் குழந்தையின் தோலைப் புண்ணாக்கும், மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். குளிர்ந்த நீரோ துணியில் சுற்றிய ஐஸோ போதும். தேனீ கொட்டினால் கொடுக்கு தோலிலேயே தங்கி விஷத்தை இறக்கிக்கொண்டே இருக்கும். நகத்தால் கிள்ளியோ சுரண்டியோ உடனே எடுங்கள். எப்படி எடுத்தாலும் வித்தியாசமில்லை, தாமதம்தான் கெடுதி என்று 1996இலேயே சோதித்துச் சொல்லிவிட்டார்கள். குளவியும் கதண்டும் கொடுக்கை விடுவதில்லை, ஒன்றே பலமுறை கொட்டும். தேனீ கொட்டிய இடத்திலிருந்து கிளம்பும் வாசனை, பழுத்த வாழைப்பழ வாசனை போன்றது, கூட்டில் உள்ள மற்றவற்றை அந்த இடத்துக்கே அழைக்கும். ஆகவே நின்று கையை வீசாமல், சட்டையால் முகத்தை மூடிக்கொண்டு, மூடிய அறைக்குள் ஓடச் சொல்லிப் பிள்ளைகளைப் பழக்குங்கள். விசில் அடித்ததும் எந்த அறைக்கு ஓட வேண்டும் என்று முன்பே சொல்லி வைத்திருந்தால் உங்கள் விசிலுக்கு அவர்கள் கட்டுப்படுவார்கள்.

கொசுவைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள், ஏனென்றால் மழைக்காலத்தில் அரை டிராயரும் பாவாடையுமாக வரிசையில் நிற்கிற பிள்ளைகளின் கால்கள் முழுக்கப் பொரிப்பொரியாக இருப்பதைப் பார்க்கிறீர்கள். கொசு, பூச்சிக்கடிக்கு வருகிற தோல் ஒவ்வாமை அது. சிறு குழந்தைகளுக்கு அதிகம், வளர வளரப் பெரும்பாலும் குறைந்துவிடும். தொற்று இல்லை, பக்கத்துப் பிள்ளைக்கு ஒட்டாது; தனியாக நிறுத்தி வைக்காதீர்கள். சொறிந்து புண்ணானால்தான் தொல்லை. சில குழந்தைகளுக்குக் கொசு கடித்த இடம் பந்தாக வீங்கிக் காய்ச்சலும் வரும். நான் மேலே சொன்ன அதே சைமன்ஸ்தான் 1999இல் அதையும் விவரித்து எழுதினார். கொசுக்கடியால் அனபிலாக்சிஸ் வருவது மிக மிக அபூர்வம்.

ஒருமுறை உடம்பு முழுக்க ஒவ்வாமை வந்த பிள்ளையை என்ன செய்வது? வளர்ந்தால் போய்விடும் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். அமெரிக்காவில் அப்படிப்பட்ட குழந்தைகளைப் பல ஆண்டு கழித்துத் தேடிப் பிடித்து விசாரித்து 2004இல் எழுதினார்கள். சிகிச்சை எடுக்காமல் மறுபடி கொட்டு வாங்கியவர்களில் 17 சதவீதம் பேருக்கு மீண்டும் உடல் முழுதும் ஒவ்வாமை வந்தது. முதல் தடவையே மிதமாகவோ கடுமையாகவோ வந்திருந்தவர்களில் 32 சதவீதம். விஷத்தைச் சிறுகச் சிறுகக் கொடுத்துப் பழக்குகிற சிகிச்சை எடுத்தவர்களில் 3 சதவீதம்தான். அந்தச் சிகிச்சை நம் ஊரில் சுலபமாகக் கிடைப்பதில்லை என்றாலும், ஒவ்வாமை நிபுணரிடமோ புதுச்சேரி ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனையிலோ காட்டி, இன்ன பூச்சிக்கு இப்படி வந்தது, மறுபடி வந்தால் இப்படிச் செய்க என்று எழுதி வாங்கி வரச் சொல்லிப் பெற்றோரிடம் சொல்லலாம். அந்தத் தாளின் ஒரு பிரதி உங்களிடம் இருக்க வேண்டும். அந்தப் பிள்ளையை விளையாட்டிலிருந்து ஒதுக்க மட்டும் வேண்டாம். ஓரமாக உட்கார வைக்கப்பட்ட பிள்ளையின் முகத்தை நீங்கள் என்னைவிட அதிகம் பார்த்திருப்பீர்கள்.

கடைசியாகச் சில வேண்டுகோள்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது உயரம், எடை எடுக்கிறீர்களே, அன்றே ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: முன்பு எப்போதாவது கொட்டி உடம்பெல்லாம் தடித்ததா, மூச்சு வாங்கியதா, மயங்கியதா, ஆஸ்துமாவுக்குப் பஃப் எடுக்கிறாயா? அந்தப் பட்டியல் ஆபீஸ் ரூம் பீரோவில் இருந்தால் பயனில்லை. முதலுதவிப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டி வையுங்கள். சுற்றுலாவுக்கும் சாரணர் முகாமுக்கும் பிள்ளைகளைக் கூட்டிப் போகும்போது பெட்டியோடு அதுவும் போகட்டும். போகிற இடத்தில் எந்த மருத்துவமனை பக்கம் என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை மைதானத்தைச் சுற்றி வந்து, மரக்கிளை, தண்ணீர்த் தொட்டி, சைக்கிள் ஸ்டாண்டு, கோல்போஸ்ட்டின் திறந்த குழாய் முனை எல்லாவற்றையும் பாருங்கள். கதண்டுக் கூடோ மலைத்தேன் அடையோ கண்ணில் பட்டால் கல்லெறியவும் வேண்டாம், தீப்பந்தம் பிடிக்கவும் வேண்டாம். அந்தப் பக்கம் கயிறு கட்டி மறித்துவிட்டுத் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். வெயில் காலத்தில் தேனீக்கள் குழாயடிக்குத் தண்ணீர் தேடி வரும். சொட்டுகிற குழாயைச் சரிசெய்தாலே கொட்டு வாங்குவது குறையும்.

இன்னொன்று, இதுதான் நான் மிகவும் எதிர்பார்ப்பது. அவரவர் பள்ளித் தலைமையாசிரியரைக் கேட்டு, நகரியத்து மருத்துவமனையிலிருந்து ஒரு மருத்துவரையும் ஒரு செவிலியரையும் ஒரு சனிக்கிழமை காலை வரவழையுங்கள். எல்லாப் பள்ளி உடற்கல்வி ஆசிரியர்களும் ஒரே இடத்தில் கூடலாம். குழந்தையைப் படுக்க வைப்பது, காலை உயர்த்துவது, பின்சீட்டில் ஏற்றுவது, நாடி பார்ப்பது, வாசலில் என்ன சொல்வது என்று ஒவ்வொன்றையும் ஒருவர் படுத்து, மற்றவர் செய்து பார்த்துவிடுங்கள். உங்களோடு ஆட்டோ, வேன் ஓட்டுநர்களையும் காவலாளியையும் ஆயாம்மாவையும் அழைத்து வாருங்கள். பல நேரம் முதலில் ஓடி வருவது அவர்கள்தான். ஏற்பாடு செய்ய ஆள் வேண்டுமென்றால் என்னைப் போல் ஓய்வு பெற்ற செவிலியர்கள் இந்திரா நகரிலும் வடக்குத்திலும் மந்தாரக்குப்பத்திலும் நிறையப் பேர் இருக்கிறோம். நாள் சொல்லுங்கள், வருகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் மாணவி ஒருத்தியின் பாட்டி,
இந்திரா நகர், நெய்வேலி